சிவப்பு இழை கட்டிய இருக்கை

என் மகன் ஓட்டும் விமானத்தின் பெயரை நான் வெளியே சொல்லக் கூடாதாம். அவன் உத்தரவு. எந்த ஊரில் இருக்கிறான், எப்போது பறக்கிறான், மேலே போய் என்ன செய்கிறான், எதையும் கேட்கக் கூடாது. கேட்டாலும் சொல்ல மாட்டான். சரி, நாட்டு ரகசியம், வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் அதே விமானத்தின் சக்கரத்துக்கு மேலே இருக்கிற குழாய் எந்தப் பக்கம் வளைகிறது என்பதுவரை படம் பிடித்து, வழவழப்பான தாளில் அச்சடித்து, வெளிநாட்டில் ஒருத்தன் புத்தகமாக விற்கிறான். அது எங்கள் வீட்டு அலமாரியில் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெற்றவளுக்கு மட்டும்தான் ரகசியம் போலிருக்கிறது.

நாங்கள் இருப்பது பிள்ளையார்பாளையத்தில். என் வீட்டுக்காரர் பட்டு நெய்கிறார். கூடத்தில் தறி, பின்னால் சமையலறை, மாடியில் ஓர் அறை. அந்த அறை மகனுடையது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி விமானம் செய்யும் பைத்தியம் அவனைப் பிடித்துக்கொண்டது. விமானப்படையில் சேர்ந்து அவன் போனபோது, பிரிக்காத பெட்டிகள் பரண் நிறையக் கிடந்தன. தூசு தட்டப் போன நான் ஒரு பெட்டியைத் திறந்தேன். அவ்வளவுதான், இன்றுவரை மூடவில்லை.

பெருமைக்காகச் செய்யவில்லை. பயத்தில் செய்தேன். அவன் எதற்குள் உட்கார்ந்து போகிறான் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. டிவியில் காட்டுகிற மாதிரி வானத்தில் கோடு இழுத்துக்கொண்டு போகும் சாமானாக இல்லை. காலை எங்கே நீட்டுவான், முட்டி இடிக்குமா, தலைக்கு மேலே எவ்வளவு இடம், அவசரத்துக்குக் கதவு எந்தப் பக்கம், அதெல்லாம்.

கதவே கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. இருக்கைதான் கதவு. ஆபத்து என்றால் கால்களுக்கு நடுவே இருக்கும் பிடியை இழுக்க வேண்டும். முதலில் மேலே இருக்கிற கண்ணாடி மூடி பிய்த்துக்கொண்டு போகும். பிறகு இருக்கைக்கு அடியில் வைத்திருக்கும் மருந்து வெடித்து, ஆளோடு சேர்த்து இருக்கையைத் தூக்கி வெளியே எறியும். அதற்கப்புறம் குடை விரியும். இதைப் போனில் சொல்லிவிட்டு, "தீபாவளி ராக்கெட் மாதிரி தான்மா" என்று அவன் சிரித்தான். நான் போனை வைத்துவிட்டு அடுப்பில் என்ன வைத்தேன் என்பதையே மறந்து நின்றேன். குழம்பு அடிப்பிடித்துப் போனது.

இந்தப் பொம்மை விமானத் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. பெட்டியோடு வருகிற இருக்கை மொட்டை நாற்காலியாக இருக்கும். அதில் திருப்தி இல்லாதவர்களுக்கு இருக்கையை மட்டும் தனியாக வார்த்து விற்கிறார்கள். சுண்டுவிரலின் மேல்கணு அளவுதான் இருக்கும். மடிப்பு, தையல், திருகு எல்லாம் அதில் தெரியும். தோள்பட்டையில் மாட்டும் வாருக்கு மெல்லிய பித்தளைத் தகடு தனி. அதை வெட்டி எடுக்கும்போது மூச்சு விட்டால் துண்டு பறந்துவிடும். எனக்கு அது பெரிய வேலையாகத் தோன்றியதில்லை, பட்டு இழையில் பழகிய கைதானே. வாட்ஸ்அப்பில் இதற்கென்று ஒரு குழு இருக்கிறது. நான் செய்த இருக்கையின் படத்தைப் போட்டதும், "சார், வேற லெவல் சார்" என்று எழுதினார்கள். நானும் சாராகவே இருந்துகொண்டேன், எதற்கு வம்பு.

புத்தகம் வாங்கியதும் அந்தக் குழுவில் கேட்டுத்தான். நின்றுகொண்டிருக்கும் விமானத்தை ஒருத்தன் காமிராவோடு சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து, ஏணி போட்டு ஏறி எடுத்த படங்கள். பக்கத்துக்குப் பக்கம் படம்தான். எழுத்தெல்லாம் எனக்குத் தெரியாத ஏதோ மொழி, விமானத்தின் மேல் எழுதியிருந்ததும் அதே மொழி. நான் படத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். இருக்கையை மட்டும் நாலு பக்கத்துக்குக் காட்டியிருந்தான். அந்த நாலு பக்கமும் ஓரம் கிழிகிற அளவுக்குப் பார்த்திருக்கிறேன்.

எல்லாப் படத்திலும் இருக்கையில் சிவப்பு நாடாக்கள் தொங்கின. தலைமாட்டில், இரு பக்கமும், பிடிக்கு அருகில், அடியில் என்று ஐந்து. ஒரு படத்திலும் அவை இல்லாமல் இல்லை.

இங்கேதான் எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் தறியில் புதுப் பாவு நூல் ஏற்றி முடித்ததும் ஒரு சிவப்புப் பட்டு இழையைத் தறிக் கட்டையில் சுற்றி முடிச்சுப் போடுவார். கண் படக்கூடாது, இழை அறக்கூடாது என்பதற்காக. சேலையை அறுத்து இறக்கும்வரை அதில் யாரும் கை வைக்க மாட்டோம். எனக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். ஆகவே அந்தப் படங்களைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எந்த தேசமாக இருந்தால் என்ன, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற பிள்ளைக்குக் காப்பு கட்டித்தானே அனுப்புவார்கள் என்று நினைத்தேன். மனசுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்த நிம்மதியோடு இருந்திருப்பேன். ஒரு நாள் மத்தியானம் டிவியில் செய்தி ஓடியது. எங்கேயோ வடக்கே ஒரு வயலில் போர் விமானம் விழுந்துவிட்டது, ஓட்டியவர் கதி தெரியவில்லை என்று. கரும்புகை மட்டும் காட்டினார்கள். மகனுக்குப் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், அணைந்திருந்தது. கூடத்தில் தறிச் சத்தம் நின்றுபோயிற்று. வீட்டுக்காரர் எழுந்து வரவில்லை, தறிக்குழியில் காலை விட்டபடியே உட்கார்ந்திருந்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் போன் வந்தது.

"நான் இல்லமா."

"யாரு?"

"கூட இருந்தவன் தான்."

"வெளிய வந்துட்டானா?"

"இல்லமா. டைம் பத்தல."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அந்தப் பிள்ளைக்கும் ஒரு வீடு இருக்கும், அங்கேயும் ஒருத்தி போனைப் போட்டுக்கொண்டே இருந்திருப்பாள் என்பது பிறகுதான் உறைத்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டை இரண்டு பேரும் அப்படியே மூடி வைத்துவிட்டுப் படுத்தோம்.

மறுநாளே நான் மகனுடைய விமானத்தைச் செய்ய உட்கார்ந்தேன். இதுவரை செய்ததெல்லாம் கைப்பழக்கம், இது வேண்டுதல். சக்கரங்களை மடக்கி உள்ளே வைத்தேன், பறக்கிற கோலத்தில் இருக்கட்டும் என்று. ஓட்டுகிறவனின் சின்ன உருவத்தை இருக்கையில் உட்கார வைத்தேன். தலைக்கவசத்துக்குக் கீழே தெரியும் அந்தத் துளி முகத்துக்கு எங்கள் வீட்டு நிறத்தைக் கலந்து பூசினேன். சிவப்பு நாடாவுக்குக் கடையில் தாளில் அச்சடித்தது கிடைக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. தறிக்கட்டையில் வீட்டுக்காரர் சுற்றுகிற அதே இழையிலிருந்து ஒன்றைப் பிரித்து, ஐந்து துண்டாக்கி, ஒவ்வொன்றின் நுனியிலும் துளி ஊசி கட்டி, புத்தகத்தில் பார்த்த அதே இடங்களில் செருகினேன். ஒவ்வொன்றுக்கும் காமாட்சியை வேண்டிக்கொண்டேன்.

கண்ணாடி மூடியை வெள்ளைப் பசையால்தான் ஒட்டுவது வழக்கம், பின்னால் தேவைப்பட்டால் கழற்றலாம். நான் உடனே ஒட்டுகிற பசையைப் போட்டேன். கண்ணாடியின் ஓரம் புகை படிந்த மாதிரி வெளுத்துப்போனது. போனால் போகட்டும், இது திறக்கவே கூடாது என்று இருந்தேன். அந்த விமானம் சாமி அலமாரியில் ஏறியது. வெள்ளிக்கிழமைதோறும் அதற்குக் கற்பூரம் காட்டினேன். ஒரு வெள்ளிக்கிழமை தட்டைக் கொஞ்சம் கிட்டே பிடித்துவிட்டேன். இடது இறக்கையின் நுனி தொங்கிவிட்டது. வெந்நீரில் காட்டி நிமிர்த்தினேன். வீட்டுக்காரர் மட்டும் அந்த அலமாரிப் பக்கம் வந்தால் விமானத்தைப் பார்க்காமல் விபூதியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

இந்தக் கோடையில் மகன் லீவில் வந்தான். வந்தவனுக்கு வீடு நிம்மதியாக இல்லை. டிவியில் எல்லையைப் பற்றியே பேசினார்கள், எல்லா சேனலிலும் கத்தல். கடைக்குப் போனால், "தம்பி வந்துக்கீறாரா, எப்ப சண்டை?" என்று கல்யாண தேதி கேட்கிற மாதிரி கேட்டார்கள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அவன் மட்டும் தின்றான், தூங்கினான், அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊடை நூலைத் தாரில் சுற்றினான். போனை மட்டும் கை எட்டுகிற தூரத்திலேயே வைத்திருந்தான்.

வந்த மூன்றாம் நாள் காலை சாமி கும்பிடப் போனவன் விமானத்தைக் கையில் எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மா, செம்மயா பண்ணிக்கீற. என்னால கூட இப்படி முடியாது." அப்புறம் போன் வெளிச்சத்தைக் கண்ணாடிக்குள் அடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. விமானத்தை மெதுவாக இருந்த இடத்திலேயே வைத்தான்.

"இன்னாடா?"

"ஒன்னும் இல்லமா. நல்லா கீது."

"நான் உன்ன பெத்தவ. இன்னானு சொல்லு."

சொல்ல மாட்டேன் என்றுதான் இருந்தான். தட்டில் இட்லியைப் போடாமல் நின்றேன். கடைசியில் சொன்னான்.

"அந்த சிவப்பு இருக்குது பாரு, அது சேஃப்டி பின்னு மா. விமானம் தரையில நிக்கும்போது, யாரு கையாவது தெரியாம பட்டு சீட்டு வெடிச்சிடக் கூடாதுன்னு செருகி வெக்கிறது. பறக்கறதுக்கு முன்ன எல்லாத்தையும் உருவிடுவாங்க. படத்துல அந்த நாடா மேல எழுதி இருக்கறதே அதான்."

"உருவலைனா?"

"சீட்டு வேல செய்யாது."

"அப்ப நீ?"

"உள்ளயே தான்." சொல்லிவிட்டு அவனுக்கே பொறுக்கவில்லை. "மா, இது பொம்ம. நெஜத்துல கீழ நிக்கிறவரு ஒவ்வொரு பின்னா உருவி, கையில தூக்கி எனக்குக் காட்டுவாரு. நான் எண்ணுவேன். எண்ணி முடிச்சு கட்டவிரல காட்டினா தான் கிளம்பறது. ஒன்னு குறைஞ்சாலும் கிளம்ப மாட்டோம்."

புத்தகத்தில் எந்தப் படத்திலும் விமானம் பறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்லாம் தரையில் நிற்கிறபோது எடுத்தது. தரையில் நிற்பதற்கான பூட்டை நான் பறக்கிறவனுக்குப் போட்டிருக்கிறேன். போட்டு, மேலே கண்ணாடியையும் வைத்து, திறக்கவே கூடாது என்று ஒட்டி, வெள்ளிக்கிழமை தவறாமல் அதன் முன்னால் கற்பூரம் காட்டி, இப்படியே இருக்கட்டும் தாயே என்று வேண்டியிருக்கிறேன். பொம்மைதான், எனக்குத் தெரியாதா. ஆனால் வேண்டுதல் பொம்மை இல்லையே.

"லீவு முடியறதுக்குள்ள நீயே பிரிச்சிக் குடுத்துட்டுப் போடா" என்றேன். "சரிமா, நாளைக்கு" என்றான். அவன் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் போன் அடித்தது. எழுந்து மாடிக்குப் போய்ப் பேசினான். இறங்கி வரும்போது பை கையில் இருந்தது.

"லீவு கேன்சல்."

அரை மணி நேரத்தில் வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. பக்கத்து ஊர் முசரவாக்கத்துக்கார டிரைவர், எங்களுக்குப் பழகினவர். விஷயம் புரிந்து அவரே பையை வாங்கி வைத்தார். வீட்டுக்காரர் மகனுக்கு விபூதி பூசினார், கை நெற்றியிலேயே கொஞ்சம் தங்கியது. எப்ப சண்டை என்று கேட்டவர்கள்கூடக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டி திரும்பியதும் நான் நேராக அலமாரிக்குப் போனேன். அவன் அங்கே போய்ச் சேர்ந்து ஏறி உட்கார்வதற்குள் இந்த ஐந்தும் வெளியே வந்தாக வேண்டும். கத்தி நுனியை மூடியின் ஓரத்தில் வைத்து நெம்பினேன், அசையவில்லை. நான் ஒட்டினது ஆயிற்றே. உறைய வைத்தால் அந்தப் பசை மொறுமொறுத்து விட்டுவிடும் என்று குழுவில் எவரோ எழுதியது நினைவு வந்தது. விமானத்தை ஒரு டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜின் மேல்தட்டில் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து மூடினேன். மூடின பிறகு அந்தக் கதவைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளையை அந்த இருட்டுக்குள் வைத்த மாதிரி இருந்தது.

தறி ஓடவில்லை. வீட்டுக்காரர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"இன்னா பண்ணிக்கினு இருக்கற?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன், மனிதர் கீழே உட்கார்ந்துவிட்டார். "எடு. நான் லைட்டு புடிக்கிறேன்" என்றார். அலமாரியில் ஏறியதிலிருந்து அந்த விமானத்தை அவர் நேராகப் பார்த்தது அன்றுதான்.

வெளியே எடுத்ததும் மேலெல்லாம் வேர்த்திருந்தது. கத்தி நுனியை வைத்தேன். டக்கென்று ஒரு சத்தம், மூடி குறுக்கே விரிசல் விட்டு இரண்டாக வந்தது. இடுக்கியால் தலைமாட்டில் இருந்த இழையை உருவினேன். பக்கவாட்டில் இருந்த இரண்டும் வந்தன. பிடிக்கு அருகில் இருந்ததும் வந்தது. நாலு. ஐந்தாவது, இருக்கையின் அடியில், உட்கார்ந்திருந்தவனின் வலது தொடைக்குக் கீழே போயிருந்தது. இடுக்கி நுழையவில்லை. தையல் ஊசியை விட்டு நெம்பினேன், எட்டவில்லை. இழுத்தால் இழை அறுந்து, அதில் கட்டிய துளி ஊசி உள்ளேயே நின்றுவிடும்.

ஒரே வழிதான் இருந்தது. அந்தக் காலை உடைத்து எடுக்க வேண்டும். குறடைக் கையில் எடுத்தேன். எடுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த முகத்துக்கு நான்தானே நிறம் கலந்தேன்.

"என்னால முடியாதுங்க. அவன் காலு."

அவர் வெளிச்சத்தை அசைக்கவில்லை. "கால் போனா போவுது. வெளிய வரட்டும்."

உடைத்தேன். ஐந்தாவதும் வந்தது. இரண்டு பேரும் அழுதோம்.

மத்தியானத்துக்கு மேல் சென்னை விமான நிலையத்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டான். பின்னால் ஒரே கூட்டம். "மா, போன அணைச்சிடுவேன். எப்ப திரும்பப் போடுவேன்னு தெரியாது. நானா பேசறவரைக்கும் டிவி பாக்காத."

"டேய், இரு. அணைக்காத."

நான் போனை வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். வெள்ளைத் துணியில் எடுத்து வைத்திருந்த இழைகளை ஒவ்வொன்றாக விரல் நுனியில் தூக்கி அவனுக்குக் காட்டினேன். முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். வாய் மட்டும் அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தான். ஐந்தாவதைக் காட்டியதும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். படம் அப்படியே நின்று, அணைந்தது.

அதற்கப்புறம் போன் வரவில்லை. வராது என்று சொல்லித்தான் போனான். டிவிக்கு ஒயரையே உருவிவிட்டோம். பக்கத்து வீட்டில் செய்தி சத்தமாக வைத்தால் வீட்டுக்காரர் தறியை ஓங்கி அடிக்கிறார். சாமி அலமாரியில் மூடியில்லாத விமானம் இருக்கிறது, ஒரு கால் இல்லாதவன் அதில் உட்கார்ந்திருக்கிறான். இப்போது கற்பூரம் காட்டுவதில்லை, நின்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.

அவன் கிளம்பின அன்று காலை அவனிடம் இன்னொன்றும் கேட்டிருந்தேன். உருவின பின்னை என்ன செய்வார்கள் என்று. "கீழ நிக்கிறவரு கிட்டயே இருக்கும்மா. நான் இறங்கின உடனே, மொத வேலையா ஓடி வந்து திரும்ப செருகுவாரு" என்றான். ஐந்து இழைகளையும் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். புடவை மாற்றும்போது முடிச்சை அவிழ்த்து, எண்ணிப் பார்த்து, அடுத்த புடவையில் முடிந்துகொள்கிறேன்.